27 தாண்டிவிட்டது, கண்ணாடி அணிகிறேன்: ஏடிசி வேலைக்கு விண்ணப்பிக்கலாமா?

தென் மாவட்டம் ஒன்றில் தனியார் பள்ளிக் கணித ஆசிரியையாக இருக்கும் ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். பி.எஸ்சி. கணிதம் படித்தவர், துணைப்பாடம் இயற்பியல். அந்த இயற்பியலில் ஒரு தாள் அரியராகி, அடுத்த பருவத்தில் எழுதித் தேறியிருக்கிறார். மொத்தம் 58 சதவீதம். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழி. இரண்டு கண்ணிலும் மைனஸ் 4.5 பவர். நான்கு வயதில் கடுங்காய்ச்சலின்போது ஒரு முறை வலிப்பு வந்ததாக அம்மா சொல்லியிருக்கிறார். அதன் பிறகு வந்ததே இல்லை. மிகவும் பிற்படுத்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்தவர். அப்பாவுக்குக் கரும்பும் வாழையும் விவசாயம். வயது 27 முடிந்து ஐந்து மாதம்.

விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர், அதாவது ஏடிசி, ஆக வேண்டும் என்பது இவரது நெடுநாள் ஆசை. ஒரு தனியார் பயிற்சி நிறுவனத்தில் விசாரித்தபோது, “உங்களுக்கு வயது போய்விட்டது, அரசுத் தேர்வெல்லாம் இனி முடியாது. எங்களிடம் ஆறு மாதம் படித்தால் ஏடிசி உரிமம் கிடைக்கும், வெளிநாட்டில் வேலை நிச்சயம்” என்று சொல்லி 2,75,000 ரூபாய் கேட்டிருக்கிறார்கள். முன்பணமாக 15,000 ரூபாயும் கட்டிவிட்டார். கண்ணுக்கு லேசிக் எனும் லேசர் அறுவை செய்துகொள்ளலாமா, தமிழ் வழியில் படித்தவளை ஆங்கிலத்தில் தள்ளிவிடுவார்களா, வலிப்பு விஷயத்தை மறைத்துவிடும்படி அண்ணன் சொல்கிறாரே, வேலையை விட்டுவிட்டுப் படிக்கலாமா என்பவை அவரது கேள்விகள்.

அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் பயந்துகொண்டிருக்கும் விஷயங்களில் பெரும்பாலானவை உங்களுக்குத் தடையே அல்ல. கடிதத்தில் நீங்கள் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டுப் போன ஒன்றுதான் உங்களை வாசலிலேயே நிறுத்திவிடக்கூடியது. மிகவும் பிற்படுத்தப்பட்ட வகுப்பு என்கிறீர்களே, கையில் இருக்கும் சான்றிதழ் எந்தப் படிவத்தில் இருக்கிறது? அதற்கு விரிவாகவே வருகிறேன்.

இந்தியாவில் சிவில் விமானங்களுக்கான ஏடிசி பணியாளர்களைத் தேர்ந்தெடுப்பது இந்திய விமான நிலையங்கள் ஆணையம். ‘ஜூனியர் எக்ஸிகியூட்டிவ் (ஏடிசி)’ என்ற பதவிக்கு அறிவிப்பு வரும். 2022இல் 400 இடங்கள், 2023இல் 496, 2025இல் 309. ஆண்டு தவறாமல் வரும் என்று கணக்குப் போடாதீர்கள். கீழே சொல்பவை இந்த அண்மை அறிவிப்புகளை ஒட்டியவை. அடுத்தது வெளியானதும் அதன் வாசகத்தை வரி வரியாக ஒப்பிட்டுப் பாருங்கள். யூடியூபில் யாரோ சொன்னது, சென்ற முறை எழுதிய தோழி சொன்னது எதுவும் அந்த வாசகத்துக்கு ஈடாகாது.

பட்டமும் அந்த இயற்பியல் தாளும்

கேட்கப்படும் கல்வித் தகுதி இரண்டில் ஒன்று. இயற்பியலும் கணிதமும் கொண்ட மூன்றாண்டு முழுநேர பி.எஸ்சி.; அல்லது ஏதேனும் ஒரு பிரிவில் முழுநேரப் பொறியியல் பட்டம், அதன் ஏதாவதொரு பருவத்தில் இயற்பியலும் கணிதமும் பாடமாக இருந்திருக்க வேண்டும். நம் ஊர்க் கல்லூரிகளில் கணிதம் முதன்மைப் பாடமாகவும் இயற்பியல் துணைப்பாடமாகவும் இருப்பது வழக்கம். உங்கள் பட்டத்தில் இரண்டுமே பாடங்களாக இருக்கின்றன என்பதால் நீங்கள் விண்ணப்பிக்கலாம் என்பதே என் கருத்து. பி.சி.ஏ. படித்தவர்களும், இயற்பியல் வாடையே இல்லாத கணினி அறிவியல் பட்டதாரிகளும்தான் இந்த இடத்தில் அடிபடுகிறார்கள்.

ஆனால் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. உங்கள் பட்டச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். அதில் ‘கணிதம்’ என்று மட்டும்தான் இருக்கும். இயற்பியல் படித்ததற்கான ஒரே சாட்சி பருவவாரி மதிப்பெண் பட்டியல்கள்தான். துணைப்பாட இயற்பியல் முதல் தாள், இரண்டாம் தாள், செய்முறை என்று தனித்தனி வரியாக அங்கே இருக்கும். அரியர் எழுதிய தாளுக்குத் தனியாக ஒரு பட்டியல் தந்திருப்பார்கள். பலர் தொலைத்துவிடுவது அதைத்தான். அது இல்லாமல் போனால், சான்றிதழ் சரிபார்க்கும் அதிகாரியின் கண்ணுக்கு நீங்கள் இயற்பியலில் தேறாதவர். பல்கலைக்கழகத்திடம் ஒருங்கிணைந்த மதிப்பெண் பட்டியல் வாங்கி, எல்லாத் தாளும் தேர்ச்சி என்று பதிவாகியிருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். கல்லூரி முதல்வரிடம், இந்தப் பட்டப்படிப்பில் இயற்பியல் துணைப்பாடமாகக் கற்பிக்கப்பட்டது என்று ஒரு கடிதமும் வாங்கி வையுங்கள். கேட்காமலும் போகலாம். கேட்கும் நாளில் அலைவதற்கு நேரம் இருக்காது.

58 சதவீதம் பற்றிய கவலை பழைய அறிவிப்புகளிலிருந்து வந்தது. ஒரு காலத்தில் 60 சதவீதம் கேட்டார்கள். அண்மை அறிவிப்புகளில் பட்டத்தில் தேர்ச்சி பெற்றிருந்தால் போதும். அரியர் வைத்ததும் குற்றமல்ல. உங்கள் ஆசிரியப் பணி அனுபவம் கூட்டவும் செய்யாது, குறைக்கவும் செய்யாது. இந்தப் பதவிக்கு முன் அனுபவம் கேட்பதில்லை.

வயதைத் தீர்மானிக்கும் அந்த ஒரு தாள்

பொதுப் பிரிவுக்கு உச்ச வயது 27. கணக்கிடும் நாள் அறிவிப்பிலேயே இருக்கும். 2025இல் விண்ணப்பிக்கக் கடைசி நாளான மே 24ஆம் தேதியே வயதுக்கும் கணக்கு நாள். பெண்களுக்கு மூன்றாண்டு சலுகை உண்டு என்று நினைத்து எழுதியிருக்கிறீர்கள். அப்படி எதுவும் இல்லை. பெண்களுக்கு இருப்பது 1,000 ரூபாய் விண்ணப்பக் கட்டண விலக்கு மட்டும். மூன்றாண்டு தளர்வு, ஓபிசி, அதாவது இதர பிற்படுத்தப்பட்ட வகுப்பினரில், ‘கிரீமி லேயர்’ எனப்படும் வசதியான அடுக்குக்குள் வராதவர்களுக்கு. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் ஐந்து ஆண்டுகள். பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கு வயதுத் தளர்வே கிடையாது.

ஆக, உங்களுக்கு 30 வரை வழி இருக்கிறது. ஆனால் அந்த வழி முழுவதும் ஒரே ஒரு தாளில் நிற்கிறது. பள்ளிக்கூட நாளில் வாங்கிய நிரந்தர சாதிச் சான்றிதழில் ‘மிகவும் பிற்படுத்தப்பட்ட வகுப்பு’ என்று இருக்கும். அது தமிழக அரசு வேலைக்கும் படிப்புக்கும் செல்லும். மத்திய அரசுக்கு அப்படி ஒரு பிரிவே தெரியாது. அங்கே கேட்பது ஓபிசி சான்றிதழ், மத்திய அரசு வகுத்த படிவத்தில். உங்கள் சாதி மத்தியப் பட்டியலில் இருக்கிறது என்பதும், நீங்கள் கிரீமி லேயரில் இல்லை என்பதும் அதில் எழுதப்பட்டிருக்க வேண்டும். அறிவிப்பு குறிப்பிடும் காலத்துக்குள் வழங்கப்பட்டதாகவும் இருக்க வேண்டும்.

மாநிலப் பட்டியலில் இருக்கும் எல்லாச் சாதியும் மத்தியப் பட்டியலில் இருப்பதில்லை. இருந்தாலும் பெயரின் எழுத்து வேறாக இருக்கும், அல்லது ஓர் உட்பிரிவு விடுபட்டிருக்கும். தேசியப் பிற்படுத்தப்பட்டோர் ஆணையத்தின் இணையதளத்தில் தமிழ்நாட்டுக்கான பட்டியலைத் திறந்து உங்கள் சாதிப் பெயரைத் தேடுங்கள். இருந்தால் இ-சேவை மையத்தில் ஓபிசி சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். விசாரணை கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் வழியாக வட்டாட்சியரிடம் போகும். அறிவிப்பு வந்த பிறகு ஓடினால் அலுவலகத்தில் யாராவது ஒருவர் விடுமுறையில் இருப்பார். இது சாபமல்ல, அனுபவம்.

அப்பாவின் கரும்பு வருமானம் எட்டு லட்சத்தைத் தாண்டுவதால் நீங்கள் கிரீமி லேயர் ஆகிவிடுவீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். இதில்தான் பலர் தங்களைத் தாங்களே தகுதி நீக்கம் செய்துகொள்கிறார்கள். 1993ஆம் ஆண்டின் மத்திய அரசு ஆணைப்படி, எட்டு லட்ச வரம்பைப் பார்க்கும்போது விவசாய வருமானத்தைச் சேர்ப்பதில்லை. சம்பள வருமானத்தையும் சேர்ப்பதில்லை. நிலத்துக்குத் தனிக் கணக்கு உண்டு: குடும்பத்தின் பாசன நிலம் மாநில நில உச்சவரம்பில் 85 சதவீதத்தைத் தொட்டால் கிரீமி லேயர். நீங்கள் எழுதியிருக்கும் அளவு அதற்கு அருகில்கூட இல்லை. பள்ளியில் நீங்கள் வாங்கும் சம்பளமும் இதற்குள் வராது. பார்ப்பது பெற்றோரின் நிலையை.

இந்தச் சான்றிதழ் கையில் இல்லாமல் விண்ணப்பத்தில் ‘ஓபிசி’ என்று குறித்துவிட்டால் என்ன ஆகும்? தேர்வில் நல்ல மதிப்பெண் எடுத்து, சரிபார்ப்புக்குப் போய், அங்கே மாநிலச் சான்றிதழை நீட்டினால் உங்களைப் பொதுப் பிரிவாகப் பார்ப்பார்கள். பொதுப் பிரிவில் உங்களுக்கு வயது கடந்துவிட்டது. அவ்வளவுதான், கதை முடிந்தது.

இதோடு ஒரு சின்ன விஷயம். பெயர். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் நமக்கெல்லாம் ஒற்றை எழுத்தில் இனிஷியல். ஆதாரில் அப்பா பெயர் முழுதாக நீண்டிருக்கும். பட்டச் சான்றிதழில் இனிஷியல் பெயருக்குப் பின்னால் போயிருக்கும். இணைய விண்ணப்பமோ முதற்பெயர், குடும்பப் பெயர் என்று கேட்கும். தமிழரின் பெயர் வழக்கத்தை வடக்கே அமர்ந்திருக்கும் அதிகாரிக்கு விளக்கிச் சொல்ல வேண்டிய கட்டாயத்தை நீங்களாக உண்டாக்கிக்கொள்ளாதீர்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடியே நிரப்புங்கள். ஆதாரையும் அதற்கு ஏற்பத் திருத்திக்கொள்ளுங்கள்.

கண், வலிப்பு, மருந்து

ஏடிசி பணிக்கு வேண்டியது மூன்றாம் வகுப்பு மருத்துவத் தகுதி. இதன் அளவுகோல் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு வகுத்தது. தூரப் பார்வை ஒவ்வொரு கண்ணிலும் தனித்தனியே 6/9, இரண்டு கண்ணும் சேர்ந்து 6/6 இருக்க வேண்டும். ‘கண்ணாடியுடனோ இல்லாமலோ’ என்பதே விதி. மைனஸ் 4.5 இருப்பவர் கண்ணாடி போட்டு இதை எட்டிவிட்டால் போதும். பணியில் இருக்கும்போது கண்ணாடி அணிந்தே இருக்க வேண்டும், அவ்வளவே. ஆகவே இந்த வேலைக்காக லேசிக் செய்துகொள்ள வேண்டாம். அறுவை செய்துகொண்டவர்களும் தகுதி பெறலாம்தான், ஆனால் பின்விளைவு எதுவும் இல்லை என்று மருத்துவர்கள் உறுதிசெய்ய வேண்டியிருக்கும். தேவையில்லாத ஒரு கேள்வியை நீங்களே ஏன் உண்டாக்க வேண்டும்?

செலவில்லாமல் முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டியது நிறப்பார்வை. புள்ளிகளுக்குள் எண்ணைக் கண்டுபிடிக்கச் சொல்லும் இஷிஹாரா அட்டைகள் எல்லாக் கண் மருத்துவமனையிலும் உண்டு. பெண்களுக்கு நிறக்குருடு மிக அரிது. இருந்தாலும் ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். கண்ணாடியால் திருத்த முடியாத குறை இது. செவித்திறனுக்கும் அளவு உண்டு, உங்கள் வயதில் பெரும்பாலும் சிக்கல் இருக்காது.

வலிப்பு பற்றி அண்ணன் சொல்வதைக் கேட்காதீர்கள். காக்காய் வலிப்பு நோய் இருந்ததாக மருத்துவப் பதிவு இருந்தால் அது இந்தப் பணிக்குத் தடைதான். ஆனால் குழந்தைப் பருவத்தில் காய்ச்சல் ஏறி ஒரு முறை வரும் வலிப்பும் அந்த நோயும் ஒன்றல்ல. நான் மருத்துவர் அல்ல. இதை எழுத்தில் சொல்ல வேண்டியவர் நரம்பியல் மருத்துவர். அம்மாவை அழைத்துக்கொண்டு போங்கள், நடந்ததை நேரில் பார்த்தவர் அவர்தான். அதன் பின் எத்தனை ஆண்டுகளாக எதுவும் வரவில்லை, மருந்து எதுவும் எடுக்கவில்லை என்பதை மருத்துவர் எழுதித் தந்தால், மருத்துவப் பரிசோதனையில் அதைக் காட்டுங்கள். முடிவு அங்கே இருக்கும் மருத்துவர்களுடையது. உங்களுக்குச் சாதகமாக வரும் என்று நான் உறுதி சொல்ல முடியாது. மறைத்தால் என்ன ஆகும் என்பதை மட்டும் உறுதியாகச் சொல்வேன். நீங்கள் கையெழுத்திட்ட உறுதிமொழி பொய் என்று பத்து ஆண்டு கழித்துத் தெரியவந்தாலும் வேலை போகும். விமானங்களைக் கட்டுப்படுத்தும் அறையில் ஒருவருக்கு நினைவு தப்பினால் வானத்தில் யாருக்கு என்ன ஆகும் என்பதை அண்ணனிடம் கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்று, போதைப்பொருள் பரிசோதனை. கஞ்சாவும் கோகெயினும் உங்களுக்குப் பொருந்தாதவை என்று சிரிப்பீர்கள். ஓபியம் வகை மருந்துகளும், பென்சோடயசெபைன் வகைத் தூக்க மாத்திரைகளும் அந்தப் பட்டியலில் உண்டு. கோடீன் கலந்த இருமல் மருந்து போதும், மாதிரியில் தெரிந்துவிடும். பரிசோதனைக்கு முந்தைய வாரங்களில் மருந்துக் கடையில் கேட்டு வாங்கிக் குடிக்காதீர்கள். மருத்துவர் எழுதித் தந்ததாக இருந்தால் சீட்டோடு போய் முன்னதாகவே சொல்லிவிடுங்கள்.

தமிழ் வழி என்பதால்?

பத்தாம் வகுப்பிலோ பன்னிரண்டாம் வகுப்பிலோ ஆங்கிலத்தை ஒரு பாடமாக எடுத்துத் தேறியிருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. பயிற்று மொழி என்ன என்று யாரும் கேட்பதில்லை. விண்ணப்பத் தகுதி அங்கேயே முடிந்துவிட்டது.

ஆனால் வேலைக்கு ஆங்கிலம் வேண்டும், அதுவும் காதில் விழுந்த நொடியில் புரிகிற ஆங்கிலம். 1996 நவம்பர் 12 அன்று ஹரியானாவின் சர்க்கி தாத்ரி மேலே சவுதி விமானமும் கஜகஸ்தான் விமானமும் மோதி 349 பேர் இறந்தார்கள். 15,000 அடியில் நிற்க வேண்டிய கஜகஸ்தான் விமானம் அதற்கும் கீழே இறங்கியிருந்தது. அதன் விமானிகளின் ஆங்கிலப் போதாமையும் காரணங்களில் ஒன்றாகச் சொல்லப்பட்டது. இன்று விமானிகளுக்கும் கட்டுப்பாட்டாளர்களுக்கும் ஆறு நிலைகள் கொண்ட ஆங்கில மதிப்பீடு இருக்கிறது, குறைந்தது நான்காம் நிலை வேண்டும். உச்சரிப்பு, வாக்கிய அமைப்பு, சொல்வளம், சரளம், புரிதல், உரையாடல் ஆகிய ஆறையும் பார்ப்பார்கள். இதில் தமிழ்ச் சாயல் உள்ள உச்சரிப்பு குற்றமாகாது. புரியாத உச்சரிப்புதான் குற்றம். வானொலிப் பேச்சே பாதி வரையறுக்கப்பட்ட சொற்கள். ஒன்பதை ‘நைனர்’ என்பார்கள், மூன்றை ‘ட்ரீ’ என்பார்கள், இரைச்சலில் மாறிக் கேட்காமல் இருப்பதற்காக. விமானி உங்கள் கட்டளையைத் திருப்பிச் சொல்வார். அதில் ஓர் எண் பிசகினாலும் பிடிக்க வேண்டியது உங்கள் காது. தேர்வுக்குப் பிறகு வரும் குரல் தேர்வில் திக்கல் இல்லாமல், தெளிவாகப் பேசுகிறீர்களா என்று பார்ப்பார்கள். வகுப்பறையில் தினமும் பேசுகிற உங்களுக்கு இது கைவந்த கலை. ஆங்கிலத்தில் அதே குரல் வர வேண்டும். தினமும் சத்தமாக வாசியுங்கள்.

அந்த 15,000 ரூபாய்

மீதிப் பணத்தைக் கட்டாதீர்கள். விண்ணப்பிக்க எந்த ஏடிசி படிப்பும் தேவையில்லை. தேர்வானவர்களுக்கு விமான நிலையங்கள் ஆணையமே தன் செலவில் பயிற்சி தருகிறது. பிரயாக்ராஜ், ஹைதராபாத், கோந்தியா ஆகிய இடங்களில் அதற்கான நிறுவனங்கள் இருக்கின்றன. பயிற்சிக்குப் பின் குறிப்பிட்ட ஆண்டுகள் பணியாற்றுவதாகப் பிணைப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும், அதை மட்டும் கவனித்துப் படியுங்கள். வெளிநாட்டு வேலை என்பதும் வெறும் பேச்சு. அமெரிக்காவை எடுத்துக்கொண்டால், அந்நாட்டுக் குடிமக்களை மட்டுமே, அதுவும் 31 வயதுக்குள் இருப்பவர்களைத்தான் புதிதாகப் பயிற்சிக்கு எடுக்கிறார்கள். இங்கே ஆறு மாதம் படித்த சான்றிதழுக்கு அங்கே என்ன மரியாதை இருக்கும்?

வேலை நிச்சயம் என்று பயிற்சி நிறுவனங்கள் விளம்பரம் செய்வதை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டு விதிகள் தடை செய்கின்றன. உங்களிடம் சொன்னதை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தால் அழிக்காமல் வைத்திருங்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டு மின்னஞ்சலோ பதிவுத் தபாலோ அனுப்புங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதியுங்கள். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. முழுத் தொகையும் திரும்பி வருமா என்பது அவர்கள் கொடுத்த ரசீதில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. வரவில்லை என்றாலும் 2,60,000 மிச்சம்.

கடற்படையிலும் ஏடிசி பிரிவு உண்டு. அங்கே பொறியியல் பட்டமும் உங்களுடையதைவிடக் குறைந்த வயதும் கேட்பார்கள், அதனால் அதைத் தேடி நேரத்தைச் செலவிட வேண்டாம்.

வேலையை விடலாமா என்ற கேள்விக்கு: வேண்டாம், அம்மா. அடுத்த அறிவிப்பு எப்போது வரும் என்று தெரியாமல் சம்பளத்தை விட்டுவிட்டு உட்காருவது உங்களை அந்த நிறுவனம் போன்றவர்களிடமே மறுபடி கொண்டுபோய் விடும். தேர்வு 120 மதிப்பெண், இரண்டு மணி நேரம், தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை. பாதி மதிப்பெண் கணிதமும் இயற்பியலும். மீதிப் பாதியில் ஆங்கிலத்துக்கு 20, திறனறிவுக்கும் எண்கணிதத்துக்கும் தலா 15, பொது அறிவுக்கு 10. கணிதம் நீங்கள் தினமும் கரும்பலகையில் எழுதுவது. மாலை இரண்டு மணி நேரத்தை இயற்பியலுக்கு ஒதுக்குங்கள், அரியர் விழுந்த அந்தத் தாளிலிருந்தே தொடங்குங்கள். வருகிற சனிக்கிழமை பள்ளி விடுமுறையாக இருந்தால் இ-சேவை மையத்துக்குப் போய்விட்டு வாருங்கள். அப்பாவின் நில ஆவணங்களின் நகலையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.